கூப்பர் பிளாக்: ஒரு குண்டு எழுத்துருவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போஸ்டரோ லோகோவோ செய்ய உட்காருகிறவர்களிடம் "பழைய காலத்துத் தோற்றம் வேண்டும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பாதிப் பேரின் கை கூப்பர் பிளாக் எழுத்துருவைத்தான் தேடிப் போகும். தப்பில்லை, நல்ல எழுத்துருதான். ஆனால் அதைக் கையாளும்போது ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. என்னிடம் வரும் கேள்விகளும் ஒரே மாதிரிதான். பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் வேலை மிச்சம் என்று இதைத் தொகுத்தேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. சிலவற்றுக்கு ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

கூப்பர் பிளாக்கை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். கொழுகொழுவென்று தடித்த ஆங்கில எழுத்து. கூர்மையான முனை எங்குமே இருக்காது. எழுத்தின் கைகால் நுனிகளில் சிறு நீட்டல் இருக்குமே, செரிஃப் என்பார்கள், அதுகூட இதில் தட்டையாக நிற்காமல் உருண்டிருக்கும். நாலு நாள் தேய்த்துக் குளித்த சோப்புக்கட்டியின் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் ஆங்கில 'ஓ' எழுத்தைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள ஓட்டை நேராக இருக்காது, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த தோரணை அது. அடுத்து 'ஐ', 'ஜே' ஆகிய சிறிய எழுத்துகளின் மேல்புள்ளி. அது சரியான வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கும். கோட்டுக்குக் கீழே இறங்கும் 'பி', 'ஜி' போன்ற சிறிய எழுத்துகளின் வால் வழக்கத்தைவிடக் குட்டை. உடல் பெரியது, வால் சின்னது. குட்டி யானை நினைவுக்கு வந்தால் சரியான எழுத்துருவைத்தான் பார்க்கிறீர்கள்.

யார் வரைந்தது?

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். நண்பர்களுக்கு ஆஸ் கூப்பர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1879-இல் பிறந்தவர். ஓவியம் கற்க வேண்டும் என்று சிகாகோ நகருக்குப் போய் ஃபிராங்க் ஹோம் என்பவர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். படம் வரைவதைவிட எழுத்து வரைவதே தனக்குக் கைவருகிறது என்று அங்கே தெரிந்தது. அங்கேயே எழுத்து வரைகலை ஆசிரியராகவும் ஆனார். எழுத்துரு உலகில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஃபிரெடரிக் கவுடியும் அந்தப் பள்ளியில் கற்பித்தவர்தான்.

1904-இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு சேர்ந்து 'பெர்ட்ஷ் அண்ட் கூப்பர்' நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்து கொடுப்பது முக்கிய வேலை. பாக்கார்ட் கார் விளம்பரங்களுக்கு அவர் வரைந்த எழுத்து பிடித்துப்போய், அதை ஈய எழுத்துகளை வார்க்கும் வார்ப்பகம் ஒன்று 1913-இல் அச்செழுத்தாகவே வெளியிட்டது. பிறகு பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற சிகாகோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக 'கூப்பர்' என்ற மெலிந்த எழுத்துருவை வரைந்தார். அதன் தடித்த வடிவமாக 1922-இல் வந்ததுதான் கூப்பர் பிளாக்.

வந்த வேகத்திலேயே விளம்பரக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். மரபை விடாத அச்சகத்தார் முகம் சுளித்து, 'கறுப்பு அபாயம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கூப்பர் அசரவில்லை. தூரப்பார்வை உள்ள அச்சகத்தாருக்காகவும் கிட்டப்பார்வை உள்ள அவர்களது வாடிக்கையாளர்களுக்காகவும் செய்தது இது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். போட்டி வார்ப்பகங்களும் சும்மா இருக்கவில்லை. 1924-இல் லட்லோ பிளாக் வந்தது, 1925-இல் கவுடி ஹெவிஃபேஸ் வந்தது. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இருந்தும் இன்று நாம் பேசிக்கொண்டிருப்பது கூப்பரைப் பற்றித்தான்.

1922-இல் பிறந்ததை ஏன் எல்லோரும் எழுபதுகளின் எழுத்துரு என்கிறார்கள்?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஈய எழுத்து காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டை. கட்டையோடு கட்டை முட்டும் வரைதான் இரண்டு எழுத்துகளை நெருக்கி வைக்க முடியும், அதற்கு மேல் நகர்த்த வழியில்லை. அறுபதுகளில் புகைப்பட முறையில் எழுத்துக்கோப்பு பரவியது. தாளைத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் 1961-இல் வந்தது. கட்டை போய்விட்டது. எழுத்துகளை ஒன்றோடொன்று உரச வைக்கலாம், ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றவும் செய்யலாம். அப்படி நெருக்கினால் கூப்பர் பிளாக்கின் உருண்ட ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று இழைந்து நிற்கும். அடுக்கிய தலையணைகள் மாதிரி. கையால் ஒட்டும்போது ஓர் எழுத்து இம்மி கீழே இறங்கிவிட்டாலும் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் அடிப்பக்கமே தட்டையாக இல்லை. நேர்க்கோட்டுச் செரிஃப் உள்ள எழுத்தில் அதே பிழை பல்லிளிக்கும்.

பீச் பாய்ஸ் குழுவின் 1966-ஆம் ஆண்டு 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையின் பச்சைப் பட்டையில் இருப்பது கூப்பர் பிளாக்தான். அதற்குப் பிறகு இசைத்தட்டு, தொலைக்காட்சித் தொடரின் தலைப்பு, டி-ஷர்ட்டில் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் எழுத்து என்று எங்கும் அதுவே. எழுபதுகளில் வளர்ந்தவர்களின் நினைவில் அது அப்படியே பதிந்துவிட்டது.

ஆகவே 'ரெட்ரோ' எனப்படும் அந்தப் பழைய காலத்துத் தோற்றம் இந்த எழுத்தின் உடம்பில் இல்லை, பார்க்கிறவரின் நினைவில் இருக்கிறது. எழுபதுகளை அறியாத இருபது வயதுக்காரருக்கு இது வெறும் குண்டு எழுத்து, அவ்வளவுதான். உடம்பில் உண்மையாகவே இருப்பது எடையும் மென்மையும். சத்தமாகப் பேசும், ஆனால் அதட்டாது. அந்தக் குணத்துக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்களின் வேலை பெரும்பாலும் நன்றாக வருகிறது. 'பழசு போல இருக்கட்டும்' என்று மட்டும் தேர்ந்தெடுப்பவர்களின் வேலை மாறுவேடப் போட்டி போல ஆகிவிடுகிறது.

எந்த வேலைக்குப் பொருந்தும்?

ஒன்று முதல் நான்கு சொற்கள், பெரிய அளவில். தலைப்பு, பெயர்ப்பலகை, பொட்டல உறை, நிகழ்ச்சிப் போஸ்டர், குழந்தைகளுக்கான பொருள்கள், தின்பண்டம். 1995-இல் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனம் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கூப்பர் பிளாக்கை வைத்தது. விமான நிறுவனங்கள் வேகத்தையும் கூர்மையையும் காட்டத் துடிக்கும் இடத்தில் ஓர் உருண்டையான எழுத்து வந்து 'பயப்படாதே, விலை குறைவு' என்று சொன்னது. நல்ல தேர்வு என்பேன்.

பொருந்தாத இடம்?

பத்தி எழுத்து. எச்சரிக்கைப் பலகை. இரங்கல் செய்தி. சட்ட அறிவிப்பு. 'உள்ளே நுழையாதே' என்பதைக் கூப்பர் பிளாக்கில் எழுதிப் பாருங்கள், 'வந்துவிட்டுத்தான் போங்களேன்' என்று படிக்கும்.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். இதன் அழகு சிறிய எழுத்துகளின் வளைவில் இருக்கிறது. ஆங்கில 'ஏ', 'ஈ', 'ஜி', 'ஆர்' ஆகியவற்றின் சிறிய வடிவங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால் செங்கல் சுவர்.

ஏற்கெனவே தடிமனாக இருக்கிறதே, 'போல்டு' பொத்தானை அழுத்தினால் இன்னும் தடிக்குமா?

தடிக்கும். அழுத்தாதீர்கள். இந்த எழுத்துருவில் அதைவிடத் தடித்த வடிவம் ஒன்றை யாரும் வரைந்து வைத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் தானாகவே எழுத்தைச் சுற்றிலும் ஊதிப் பெரிதாக்குகிறது. ஆங்கில 'ஈ'யின் கண், அதாவது உள்ளே இருக்கும் சின்ன ஓட்டை, மூடிப்போகும், ஓரங்கள் வீங்கும். வலைப்பக்கத்தில் இது உங்களுக்குத் தெரியாமலே நடக்கும், ஏனென்றால் தலைப்புகளுக்கு உலாவி தானாகவே போல்டு கொடுத்துவிடுகிறது. தலைப்பின் தடிமனைச் 'சாதாரணம்' என்று கையால் மாற்றிவையுங்கள்.

சாய்வெழுத்துக்கும் இதேதான். கூப்பர் பிளாக்குக்கு உண்மையான இட்டாலிக் வடிவம் உண்டு, கூப்பரே தனியாக வரைந்தது, துள்ளலும் சுழிப்புமாக அருமையாக இருக்கும். அது உங்களிடம் இல்லை என்றால் சாய்க்கும் பொத்தானைத் தொட வேண்டாம்.

எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது?

எழுத்து பெரிதாகப் பெரிதாக நெருக்குங்கள். போஸ்டர் அளவில் நான் எழுத்தளவின் நூறில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை குறைப்பேன். அதற்குப் பிறகு கண்தான் அளவுகோல். நேர்க்கால் உள்ள இரண்டு எழுத்துகள் பக்கத்தில் வந்தால், எடுத்துக்காட்டாக 'ஐ'யும் 'எல்'லும், நெருக்கியது போதாததுபோலத் தோன்றும். வட்ட எழுத்துகள் இரண்டு வந்தால் முட்டிக்கொள்வதுபோல இருக்கும். சாய்ந்த எழுத்துகளான 'வி', 'டபிள்யூ', 'ஒய்' ஆகியவற்றின் பக்கத்தில் பள்ளம் விழும். தானியங்கி இடைவெளியை நம்பி விட்டுவிடாமல் ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு தந்திரம் உண்டு. சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாமல் போனதும் கண் கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் பார்க்கத் தொடங்கும், பள்ளம் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

தொடவே விடலாமா என்றால், விடலாம். விட்டால் எல்லா எழுத்துகளும் தொட வேண்டும். ஒரே ஒரு ஜோடி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது பிழையாகத்தான் படும்.

இரண்டு வரித் தலைப்பில் வரிகளையும் நெருக்குங்கள். வால்கள் குட்டை என்பதால் இதில் வரியிடைவெளியை எழுத்தளவுக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ வைத்தாலும் மோதாது. மெலிந்த எழுத்துருக்களில் இந்தத் துணிச்சல் செல்லாது.

சுற்றிலும் கோடு போட்டு, நிழலும் வைக்கலாமா?

எழுபதுகளின் போஸ்டர்களில் இரண்டும் உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் கோடு எந்தப் பக்கமாகத் தடிக்கிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதில் நானும் ஒருவன். தொடக்க காலத்தில் ஒரு துணிப்பைக்கு எழுத்து செய்து கொடுத்தேன். சுற்றுக்கோட்டை மென்பொருள் கொடுத்தபடியே விட்டுவிட்டேன். அதாவது கோட்டின் பாதி எழுத்துக்கு வெளியே, பாதி உள்ளே. திரையில் பளிச்சென்று இருந்தது. முரட்டுத் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் மை கொஞ்சம் பரவத்தானே செய்யும். 'ஈ'யின் கண்கள் ஏற்கெனவே சிறியவை, உள்ளே வந்த கோடு பாதியைத் தின்றது, மிச்சத்தை மை மூடியது. அச்சாகி வந்த பைகளில் 'ஈ' எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தூங்கின. பணம் கொடுத்தவர் நல்லவர், சிரித்துவிட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: எழுத்தை நகலெடுத்துப் பின்னால் வைத்து, பின்னால் இருப்பதை மட்டும் வெளிப்பக்கமாகத் தடிக்கச் செய்வேன். முன்னால் இருக்கும் எழுத்து தொடப்படாமல் அப்படியே நிற்கும். கோட்டின் மூலைகளையும் உருண்டையாக வைக்க வேண்டும். கூர்மூலைக் கோடு இந்த எழுத்துருவுக்குப் பகை.

நிழலைப் பொறுத்தவரை மங்கிக் கரையும் நிழல் வேண்டாம். ஒரே நிறத்தில், ஒரே திசையில், கெட்டியான நிழல் போதும். நிழல் திசையை நீங்கள் முடிவு செய்துவிட்டால் போஸ்டரின் மற்றப் படங்களும் அதையே பின்பற்ற வேண்டும். இரண்டு சூரியன்கள் கூடாது.

எவ்வளவு சிறிதாக வைக்கலாம்?

என் கணக்கில் அச்சில் 18 பாயின்ட்டுக்குக் கீழே, திரையில் 28 பிக்சலுக்குக் கீழே போகாதீர்கள். ஓட்டைகள் அடைந்து எழுத்து கறுப்புப் பொட்டுகளாகிவிடும்.

எந்த நிறம்?

பழுப்பு, கடுகு மஞ்சள், ஆரஞ்சு என்ற மூன்றையும் அடுக்கினால் எழுபதுகளின் வீட்டுச் சுவர்த்தாள் வந்துவிடும். அது வேண்டும் என்றால் சரி. வேண்டாம் என்றால் இரண்டே நிறங்களோடு நிறுத்துங்கள். எழுத்திலேயே அவ்வளவு நிறை இருப்பதால் நிறத்துக்குப் பெரிய பரப்பு கிடைக்கிறது, மெல்லிய எழுத்தில் எடுபடாத வெளிர் நிறம்கூட இதில் நிற்கும். இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து வைத்தால் இன்னும் தடித்ததாகத் தெரியும், அதற்காக இடைவெளியைச் சற்றே தளர்த்த வேண்டியிருக்கும்.

பக்கத்தில் வைக்க எந்த எழுத்துரு நல்லது?

அடக்கமானது எதுவும். செரிஃப் இல்லாத, சாதாரணத் தடிமனில், சின்ன அளவில். குண்டோடு குண்டைச் சேர்க்காதீர்கள். வேறொரு 'ரெட்ரோ' எழுத்துருவைப் பக்கத்தில் வைப்பதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. இரண்டு பேர் ஒரே மேடையில் பாடத் தொடங்குவார்கள்.

தமிழில் கூப்பர் பிளாக் உண்டா?

கூப்பர் பிளாக்கில் தமிழ் எழுத்துகள் கிடையாது. நீங்கள் தமிழில் தட்டச்சு செய்தால் கணினி சத்தமில்லாமல் வேறோர் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். தலைப்பில் ஆங்கிலப் பகுதி குண்டாகவும் தமிழ்ப் பகுதி ஒல்லியாகவும் வருவது இதனால்தான்.

ஈடாக எதைச் சேர்க்கலாம் என்றால், பலூ தம்பி, காய்னி என்ற எழுத்துருக்கள் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் உண்டு, இரண்டும் இலவசம், இரண்டிலும் உருண்ட ஓரங்கள் உண்டு. கூப்பரின் தம்பிகள் என்று சொல்ல முடியாது, செரிஃப் கிடையாதே. ஆனால் எடையும் மென்மையும் ஒத்துப்போகின்றன, பக்கத்தில் வைத்தால் உறுத்தாது.

தமிழைத் தடிக்க வைப்பதில் தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது சுழி. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. கொழுப்பு ஏற ஏறச் சுழிகளின் உள்வெளி சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் இரண்டா மூன்றா என்று எண்ணிப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். 'மணம்' எழுதிய இடத்தில் வாசகர் 'மனம்' என்று படித்துவிட்டுப் போவார். தமிழ்த் தலைப்பை எப்போதும் கையெட்டும் தூரத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல் பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

இரண்டாவது உயரம். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'கூ'வின் சுற்று கீழே இறங்கும். முன்பு சொன்ன நெருக்கமான வரியிடைவெளியைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'லீ'யோடு மல்லுக்கு நிற்கும். தமிழுக்கு வரியிடைவெளியைத் தாராளமாகக் கொடுங்கள். இருமொழித் தலைப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பாயின்ட் எண்ணில் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எண்ணை மறந்துவிட்டுக் கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை ஒன்றைக் கூட்டிக் குறையுங்கள்.

என் கணினியிலேயே இருக்கிறது. வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா?

மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு பல காலமாக வருவதால் பலருடைய கணினியில் இருக்கும். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் வடிவம் ஒன்று, அந்த எழுத்துருக் கோப்பு இன்னொன்று. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுத்துருக் கோப்புக்கு மென்பொருள் என்ற வகையில் உண்டு. பல நிறுவனங்கள் தத்தம் கூப்பர் பிளாக்கை விற்பது அதனால்தான், அவற்றின் வளைவுகளில் சின்னச் சின்ன வேறுபாடுகளும் இருக்கும்.

உங்களுக்குக் கிடைத்த கோப்பின் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். அச்சு, வலைத்தளம், செயலி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவைப்பதும் பல உரிமங்களில் கூடாது. எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றி அனுப்பிவிடுங்கள். சிக்கலும் தீரும், அங்கே எழுத்துரு மாறிப்போகும் ஆபத்தும் இருக்காது. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை எப்போதும் மாற்றிய பிறகுதான் கண்ணில் படும்.

இலவச மாற்று ஏதேனும்?

ஃபிரான்சஸ் (Fraunces) என்ற எழுத்துரு. கூப்பர், வின்ட்சர், சவனீர் ஆகிய பழைய எழுத்துருக்களின் சாயலில் வரைந்தது, திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. தடிமன், மென்மை, கிறுக்குத்தனம் என்று தனித்தனித் திருகுகள் அதில் உண்டு. உண்மையாகவே கிறுக்குத்தனத்துக்கு ஒரு திருகு, அதை ஏற்றினால் சில எழுத்துகள் இடுப்பை வளைக்கும். தடிமனை 900, மென்மையை 100 என்று வைத்தால் கூப்பரின் தெருவுக்குள் வந்துவிடுவீர்கள். அதையே மெலிய வைத்துப் பத்தி எழுத்தாகவும் பயன்படுத்தலாம். கூப்பர் பிளாக்கால் முடியாத காரியம் அது.

துணியில் தைக்கவும் வினைலில் வெட்டவும் சரிவருமா?

மிக நன்றாக வரும். வினைல் வெட்டும் கத்திக்குக் கூர்மூலைகள்தான் எதிரி, ஒட்டிய பிறகு முதலில் உரிவதும் அந்த முனைகள்தான். இதில் அவை இல்லை. எம்பிராய்டரியில் அகலமான பகுதிகளில் நூல் நீளமாகத் தொங்காதபடி நிரப்புத் தையல் கேட்டுவாங்குங்கள். 'ஏ', 'ஈ' ஆகியவற்றின் ஓட்டைகளைத் தைப்பதற்கு முன்பே சற்றுப் பெரிதாக்கிவிடுவது நல்லது. நூலும் மையைப் போலத்தான், பரவும்.

எல்லோரும் பயன்படுத்திச் சலித்துப்போய்விட்டதே?

சலித்தது எழுத்துரு இல்லை, பழுப்பு நிறமும் வானவில் பட்டையும் தேய்ந்த காகிதத் தோற்றமும் சேர்ந்த அந்தத் தொகுப்பு. அந்த மூன்றையும் கழற்றிவிட்டு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு சொல்லைக் கறுப்பில் பெரிதாக வைத்துப் பாருங்கள்.

வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் ரெட்ரோவாக" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

எந்த ஆண்டு என்று கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கியதிலிருந்து பாதிப் பேர் ஏதோ ஒரு பழைய பொருளைச் சொல்கிறார்கள், அப்பா வைத்திருந்த ரேடியோ, பள்ளிக்கூடத்து நோட்டு அட்டை. அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பல நேரம் அதில் இருப்பது கூப்பர் பிளாக்காகவே இருக்காது.